ஒரு வீட்டின் பல வயதுகள்

அமெரிக்க ஐக்கிய நாடுகளில், டெலவேர் நதிக்கரையில் அமைந்த பிலடெல்பியா நகரத்திலே எல்ஃப்ரெத் சந்து என்றொரு குறுகிய தெரு இருக்கிறது. கல் பாவிய அந்தத் தெருவின் இரு மருங்கிலுமாக நிற்கும் 32 வீடுகள், பதினெட்டாம் நூற்றாண்டிலும் பத்தொன்பதாம் நூற்றாண்டின் முற்பகுதியிலும் கைத்தொழிலாளர்களும் சிறு வியாபாரிகளும் வாழ்வதற்கென்று எழுந்தவை. இன்றும் காட்சிசாலைப் பொருள்களாக மாறிவிடாமல், ஜனங்கள் சமைத்து உண்டு உறங்கும் வீடுகளாகவே பெரும்பாலும் விளங்குகின்றன. அதே நகரத்தின் வேறு பகுதிகளுக்குச் சென்றால், முதல் உலக யுத்தம் முடிந்த பிற்பாடு வரிசை வரிசையாகக் கட்டப்பட்ட வீடுகளைக் காணலாம். இவ்விரண்டில் எது பழையது என்று கேட்டால் குழந்தையும் சொல்லிவிடும். ஆனால் அக்கேள்வியை ஓர் இன்ஷூரன்ஸ் கம்பெனியின் பரிசோதகரிடம் கேட்டால், அவர் வாசலில் பொறித்திருக்கும் வருஷத்தைப் பாராமல் நேரே நிலவறைக்குள் இறங்கி, கைவிளக்கை உத்தரங்களின் மேல் பாய்ச்சி, கம்பிகளையும் குழாய்களையும் பார்த்துவிட்டு, 1925-ல் கட்டிய வீடே மூப்படைந்தது என்றும் 1790-ல் கட்டியது அதைவிட இளையது என்றும் சொன்னாலும் சொல்லக்கூடும். விபரீதமாகத் தோன்றும் அந்த விடையில் பௌதிகமும் ரசாயனமும் கணிதமும் ஒருங்கே அடங்கியிருக்கின்றன.

அந்நாட்டில் வீடு வாங்குவோரில் பெரும்பாலோர் வங்கிக் கடன் பெற்றே வாங்குகின்றனர்; கடன் கொடுக்கும் வங்கியோ, வீட்டுக்கு இன்ஷூரன்ஸ் இருக்கிறது என்பதற்கு அத்தாட்சி காட்டினாலொழியப் பணத்தை விடுவிப்பதில்லை. ஆகவே பழைய வீட்டின் அழகில் மயங்கி, விலையையும் வட்டியையும் வரியையும் கணக்கிட்டு முடித்தவர்கள், கடைசிக் கட்டத்தில் இன்ஷூரன்ஸ் ஏஜெண்டின் பிரீமியக் கணக்கைக் கண்டு திகைப்பது சர்வ சாதாரணமான விஷயம். நியூ ஜெர்சியிலும் பென்சில்வேனியாவிலும் குடியேறி, ரயில் நிலையத்துக்கு அருகாமை என்றோ நல்ல பள்ளிக்கூடம் என்றோ பழைய வீடுகளை நாடும் நம்மவர்களுக்கும் இத்திகைப்பு உண்டு. பழைய வீடு என்றால் வைரம் பாய்ந்த தேக்கும் இரண்டடிச் சுவருமாக மனத்தில் உருவகம் செய்துகொண்டு வளர்ந்தவர்கள், பழமைக்கு அபராதம் விதிப்பதா என்று வியப்பது இயல்புதானே!

வீடு எதனால் கட்டப்பட்டது என்பதைப் பொறுத்துக் கட்டணம் வசூலிக்கும் வழக்கம் இன்று நேற்று வந்ததன்று. 1666-ஆம் ஆண்டில் லண்டன் மாநகரத்தைப் பஸ்மீகரம் செய்த பெருந்தீயில் ஏறத்தாழ 13,200 வீடுகள் அழிந்தன. அதன்பின் நகரத்தை மீண்டும் எழுப்பிப் பொருளீட்டியவர்களில் ஒருவரான நிக்கலஸ் பார்பன் என்பவர், வைத்தியம் பயின்று கட்டட வியாபாரத்தில் இறங்கிய விசித்திரமான மனிதர், 1680-ஐ ஒட்டி வீடுகளுக்குத் தீ இன்ஷூரன்ஸ் அளிக்கும் ஸ்தாபனமொன்றைத் தொடங்கினார். வீட்டின் வருஷ வாடகையை அடிப்படையாகக் கொண்டு, செங்கல் வீட்டுக்கு நூற்றுக்கு இரண்டரையும் மர வீட்டுக்கு நூற்றுக்கு ஐந்தும் அவர் வாங்கினார் என்பது சரித்திரம். இன்றைய கம்பெனிகள் கம்ப்யூட்டரின் துணையோடு போடும் கணக்கெல்லாம் அந்த இரண்டரைக்கும் ஐந்துக்கும் இடையிலுள்ள வித்தியாசத்தின் விரிவுரையே என்று சொல்லிவிடலாம்.

அந்த யுக்தியை அமெரிக்காவில் ஊன்றச் செய்தவர் பெஞ்சமின் ஃபிராங்க்ளின். 1752-ல் அவரும் அவருடைய நண்பர்களும் பிலடெல்பியாவில் ஏற்படுத்திய பரஸ்பர சகாய ஸ்தாபனம், ஒவ்வொரு வீட்டையும் நேரில் பார்வையிட்டு மதிப்பிட்ட பின்னரே ஏற்றுக்கொண்டது. ஏற்ற வீட்டின் முகப்பில், ஒன்றின் மணிக்கட்டை ஒன்று பற்றிய நான்கு கைகளின் ஈய உருவத்தைப் பதித்த பலகையை மாட்டியது. 1781-ல் அந்த ஸ்தாபனம், வீட்டு முன்புறத்தில் மரம் இருந்தால் தீயணைப்போருக்கு இடைஞ்சல் என்று கருதி, அத்தகைய வீடுகளுக்கு இனி இன்ஷூரன்ஸ் இல்லை என்று தீர்மானித்துவிட்டது. மரத்தின் நிழலை விட மனமில்லாத வீட்டுக்காரர்கள் சும்மா இருக்கவில்லை. 1784-ல் போட்டியாக வேறொரு ஸ்தாபனத்தைத் தோற்றுவித்து, பச்சை மரத்தையே அதன் சின்னமாக வைத்துக்கொண்டார்கள். ஒருவர் ஏற்க மறுக்கும் அபாயத்தை மற்றொருவர் ஏற்பார் என்னும் வியாபார உண்மைக்கு இதைவிட இனிய உதாரணம் எனக்குத் தெரியவில்லை.

இனி, பிறர் வீட்டு அபாயத்தை ஏற்பவன் எந்தத் தைரியத்தில் ஏற்கிறான் என்பதைப் பார்க்கவேண்டும். யாக்கோப் பெர்னூலி என்ற ஸ்விஸ் கணித மேதை எழுதி, அவர் காலமான பின் 1713-ல் வெளிவந்த நூலொன்றில் விளக்கப்பட்ட பெருந்தொகை விதியே அந்தத் தைரியத்தின் மூலாதாரம். உதாரணத்துக்காக, நூறு வீடுகளில் ஒன்றுக்கு வருஷத்தில் ஒரு விபத்து நேரும் என்று வைத்துக்கொள்வோம். நூறு வீடுகளை மட்டும் ஏற்ற ஒருவனுக்கு ஒரு வருஷம் விபத்தே இராமற் போகலாம், மறுவருஷம் மூன்று நேர்ந்து அவனைத் திவாலாக்கலாம். பத்தாயிரம் வீடுகளை ஏற்றவனுக்கோ, நூறு விபத்துகள் எதிர்பார்க்கவேண்டியது. அந்த எண்ணிக்கை பெரும்பாலும் எண்பதுக்கும் நூற்றிருபதுக்கும் இடையிலேயே நின்றுவிடும். தனி வீட்டின் தலைவிதியை எவராலும் சொல்ல முடியாது. கூட்டத்தின் விதியைக் கணிதம் சொல்லிவிடும். ஆனால் இக்கணிதத்துக்கு ஒரு நிபந்தனை உண்டு: ஒரு வீட்டின் விபத்து மற்றொரு வீட்டின் விபத்துக்குக் காரணமாகவோ, இரண்டுக்கும் பொதுக் காரணம் ஒன்று உடையதாகவோ இருத்தலாகாது. 1992 ஆகஸ்டில் ஆண்ட்ரூ என்ற சூறாவளி ஃபிளாரிடாவின் தென்பகுதியை ஒரே இரவில் சூறையாடியபோது அந்த நிபந்தனை பொய்த்தது. கம்பெனிகள் பல நொடித்துப் போயின. பழைய வீடுகளின் கூரையும் கம்பியும் குழாயும் எந்நிலையில் உள்ளன என்று அம்மாநிலத்தில் தனிப் பரிசோதனைச் சான்று கேட்பது வழக்கமாகிவிட்டதற்கு இத்தகைய சூறாவளி அநுபவமும் ஒரு காரணம்.

விபத்து நிகழும் வேகம் எல்லா வீடுகளுக்கும் ஒன்றாக இராது. ஆதலால், ஒத்த தன்மையுள்ள வீடுகளை ஒரு வகுப்பாகச் சேர்த்து, அவ்வகுப்பின் அநுபவத்துக்கேற்பக் கட்டணம் விதிக்கவேண்டியிருக்கிறது. பழைய வீட்டை எவ்வகுப்பில் சேர்ப்பது என்ற கேள்வி வரும்போதுதான் பரிசோதகர் நிலவறைக்குள் இறங்குகிறார்.

முதலில் அவர் தேடுவது கம்பியை. எடிசன் நியூயார்க்கின் பேர்ல் தெருவில் மின்சார நிலையத்தைத் திறந்தது 1882-ல். அதற்கு முந்திய வீடுகளில் மின்சாரம் என்பதே கிடையாது. பின்னால், வசதி வந்தபோது, கம்பி இழுத்தார்கள். அக்காலந்தொட்டு 1940-கள் வரை சாதாரணமாக வழங்கிய முறை, பீங்கான் குமிழ்களை உத்தரங்களில் அறைந்து, அவற்றின் மேல் இரண்டு கம்பிகளை ஒன்றுக்கொன்று தூரமாகத் தாங்கவைத்து, மரத்தைத் துளைத்துச் செல்லுமிடங்களில் பீங்கான் குழல்களைச் செருகிக் கொண்டுபோவது. பார்ப்பதற்குப் பழைமையாகத் தோன்றினாலும் இம்முறை மூடத்தனமானதன்று. இரண்டு கம்பிகளும் விலகி நின்றதால் ஒன்றையொன்று தொட ஏதுவில்லை. திறந்த காற்றில் தொங்கியதால் கம்பியில் பிறந்த உஷ்ணம் காற்றோடு போய்விட்டது. இணைப்புகளை ஈயப் பற்றவைத்து, நாடா சுற்றி உறுதியாக்கினார்கள். அது வேலை செய்யும்போது வைத்த நிபந்தனைகளை நாம் மீறியதே இன்றைய அபாயம் என்பது என் அபிப்பிராயம்.

எந்த நிபந்தனைகளை மீறினோம்? முதலாவது, மின்சாரத்தின் அளவு. அக்காலத்து வீடுகள் சிலவற்றுக்கு வந்த இணைப்பு 30 ஆம்பியர் மட்டுமே. 120 வோல்ட் அழுத்தத்தில் அது 3,600 வாட் சக்தியாகிறது. ஆளுக்கொரு விளக்கும் ஒரு ரேடியோவும் இருந்த குடும்பத்துக்கு அது தாராளம். கூந்தல் உலர்த்தும் கருவிகள் இரண்டைச் சேர்ந்தாற்போல் இயக்கினால் இன்றைக்கு அதுவே தீர்ந்துவிடும். ஃப்யூஸ் அடிக்கடி போகிறதே என்று எரிச்சலுற்ற வீட்டுக்காரர், 15 ஆம்பியர் ஃப்யூஸை எடுத்துவிட்டு 30 ஆம்பியர் ஃப்யூஸைத் திருகி வைத்தார். தொந்தரவு நீங்கியது என்று மகிழ்ந்தார். ஜேம்ஸ் ஜூல் என்னும் ஆங்கில விஞ்ஞானி 1841-லேயே வெளியிட்ட விதி அவருக்குத் தெரியாது: கம்பியில் ஓடும் மின்னோட்டம் இரட்டித்தால், அதில் பிறக்கும் வெப்பம் இரட்டிப்பதில்லை, நான்கு மடங்காகிறது. அந்த வெப்பத்தில், துணியும் ரப்பரும் சேர்ந்த பழைய உறை வருஷக்கணக்காக வெந்து, உலர்ந்து, கை பட்டால் உதிரும் அப்பளமாகிவிட்டது. இரண்டாவது மீறல் இன்னும் விநோதமானது. குளிர்காலத்தில் எரிபொருட்செலவைக் குறைக்க எண்ணிப் பரணிலும் சுவரின் உட்புறத்திலும் பஞ்சு போன்ற வெப்பத்தடைப் பொருளை அடைத்தார்கள். காற்றில் குளிர்ந்துகொண்டிருந்த கம்பி, கம்பளி போர்த்திய ஜுரக்காரன் போல ஆயிற்று. இவற்றோடு, எர்த் கம்பி என்பதே அம்முறையில் இல்லை. அரைகுறையாகத் தொழில் தெரிந்தவர்கள் நடுநடுவே ஒட்டுப்போட்ட இணைப்புகளோ கணக்கிலடங்கா. கம்பெனிகளிற் பல இத்தகைய கம்பி உள்ள வீட்டை ஏற்க மறுப்பதற்கும், ஏற்றாலும் குறிப்பிட்ட கெடுவுக்குள் மாற்றவேண்டும் என்று நிபந்தனை போடுவதற்கும் காரணம் இதுவே.

பழையது மட்டுமே குற்றவாளி என்று எண்ணிவிடலாகாது. தாமிரத்தின் விலை ஏறிய 1965-க்கும் 1973-க்கும் இடைப்பட்ட காலத்தில், அமெரிக்க வீடுகள் பலவற்றில் அலுமினியக் கம்பி புகுந்தது. அலுமினியம் சூட்டில் தாமிரத்தைக் காட்டிலும் அதிகமாக விரிகிறது; திருகாணியின் அழுத்தத்தில் மெல்ல மெல்ல நழுவுகிறது; அதன் மேற்பரப்பில் காற்றுப் பட்டவுடன் படியும் ஆக்ஸைடு மின்சாரத்தைக் கடத்துவதில்லை. ஒவ்வொரு முறை சூடேறி ஆறும்போதும் இணைப்பு சிறிது தளர, தளர்ச்சியால் சூடு மிக, சூட்டினால் மேலும் தளர என்று விஷச் சக்கரம் சுழல்கிறது. 1972-க்கு முன் தயாரான அலுமினியக் கம்பியுள்ள வீடுகளில், பிளக் மாட்டும் இடத்து இணைப்புகள் தீப்பற்றும் நிலையை எட்டுவதற்கான வாய்ப்பு, தாமிரக் கம்பி வீடுகளைவிட 55 மடங்கு என்று அந்நாட்டு நுகர்வோர் பாதுகாப்பு ஆணையம் அறிவித்திருக்கிறது. ஆக, 1970-ல் கட்டிய வீடு, தகுந்தபடி கம்பி மாற்றிய 1790-ஆம் வருஷத்து வீட்டைவிட அபாயகரமானதாக இருக்கலாம். எல்ஃப்ரெத் சந்து புதிரின் விடை இதுதான். ஒரு வீட்டுக்கு ஒரு வயதன்று. கம்பிக்கு ஒரு வயது, குழாய்க்கு ஒரு வயது, கூரைக்கு ஒரு வயது என்று பல வயதுகள் உண்டு. பிரீமியம் பெரிதும் அவற்றையே எண்ணுகிறது.

தீ பிடித்த பின் அது பரவும் வேகமும் கட்டுமானத்தைப் பொறுத்தது. பத்தொன்பதாம் நூற்றாண்டின் நடுப்பகுதி முதல் நூறாண்டுக் காலம் போல அமெரிக்க மர வீடுகளில் வழங்கிய ஒரு முறையில், சுவரின் நிலைச்சட்டங்கள் அஸ்திவாரத்திலிருந்து கூரைவரை ஒரே நீளமாக, மாடித் தளத்தில் தடையின்றிச் சென்றன. இரு சட்டங்களுக்கு நடுவிலுள்ள வெற்றிடம் புகைபோக்கியாகிவிடுகிறது. நிலவறையில் பிறந்த நெருப்பு, அறைகளில் உள்ளவர் அறியாமலே சுவருக்குள் ஏறிப் பரணில் தலைகாட்டும். பிற்காலத்து வீடுகளில் ஒவ்வொரு மாடியையும் தனித்தனிப் பெட்டி போலக் கட்டுவதால் அந்த வழி அடைபட்டது. தெருமுனைத் தீயணைப்புக் குழாய் 1,000 அடிக்குள்ளும், தீயணைப்பு நிலையம் 5 மைலுக்குள்ளும் இருக்கிறதா என்றும் கம்பெனி பார்க்கும். அது வீட்டின் குணமன்று, ஊரின் குணம்.

தீ அபூர்வமாக வந்து பெருநஷ்டம் விளைவிப்பது. தண்ணீரோ அடிக்கடி வந்து அரித்துத் தின்பது. பழைய வீடுகளில் நீர் கொண்டுசெல்வது நாம் ஜி.ஐ. என்று சொல்லும் துத்தநாகப் பூச்சிட்ட இரும்புக் குழாய். துத்தநாகம் தன்னைப் பலியிட்டு இரும்பைக் காக்கிறது. பலியிடத் துத்தநாகம் தீர்ந்ததும் இரும்பு துருவாகிறது. துரு இரும்பைவிட அதிக இடத்தை அடைப்பதால் குழாயின் உட்புறம் கொப்புளம் கொப்புளமாகப் புடைத்து, ஓர் அங்குல வழி பென்சில் பருமனாகச் சுருங்கிப்போகிறது. வெளிப்பார்வைக்கு எதுவும் தெரியாது, ஒருநாள் திருகு மரையில் பொத்துக்கொள்ளும் வரை. பிற்காலத்தில், 1978 முதல் 1995 வரை, மலிவென்று லட்சக்கணக்கான வீடுகளில் பதித்த பாலிபியூட்டிலின் என்ற பிளாஸ்டிக் குழாய், குடிநீரைச் சுத்திகரிக்கச் சேர்க்கும் குளோரினால் உள்ளிருந்தே நொறுங்கிய கதை இதற்குச் சளைத்ததன்று. வழக்கு நடந்து, உற்பத்தியாளர்கள் பெருந்தொகை கொடுக்க இசைந்தார்கள். இவற்றுக்கு மேல் பனிக்காலம் வேறு. நீர் உறையும்போது நூற்றுக்கு ஒன்பது பங்கு பருக்கிறது என்பதைப் பள்ளிப் பாடத்தில் படித்தோம்; வெளிச்சுவரை ஒட்டிச் செல்லும் குழாய்க்கு அந்த ஒன்பது பங்கு உயிர்ப்பிரச்சினை. கூரையைப் பற்றி அதிகம் சொல்ல வேண்டுவதில்லை: தார் தோய்ந்த சாதாரண ஓடுகள் இருபது வருஷம் வெயிலில் காய்ந்தால் எண்ணெய்ப்பசை வற்றிச் சுருளும், ஸ்லேட் கல் கூரை நூறு வருஷம் உழைக்கும், ஆனால் உடைந்தால் மாற்றத் தெரிந்தவன் கிடைப்பது அரிது.

அந்த அருமைதான் பிரீமியத்தை உயர்த்தும் மறு காரணம். இன்ஷூரன்ஸ் தொகை வீட்டின் சந்தை விலையைப் பொறுத்ததன்று. சந்தை விலையில் நிலத்தின் மதிப்பு அடங்கியிருக்கிறது, நிலம் எரிவதில்லை. இன்ஷூரன்ஸ் கேட்பது, இந்த வீடு முற்றும் அழிந்தால் இதே மாதிரி மறுபடி கட்ட என்ன செலவாகும் என்பது. மெல்லிய மரப்பட்டிகளை நெருக்கமாக அறைந்து மூன்று பூச்சாகச் சாந்து பூசிய சுவர்கள், கையால் இழைத்த மாடிப்படிக் கைப்பிடிகள், சுவருக்குள் ஒளிந்துகொள்ளும் ஓக் கதவுகள் ஆகியவற்றைச் செய்தவர்களின் கூலி அன்று சொற்பம். இன்று அத்தொழில் தெரிந்தவர்களே சொற்பம். ஆகையால், 2,50,000 டாலருக்கு வாங்கிய வீட்டுக்கு 4,00,000 டாலர் இன்ஷூரன்ஸ் எடுக்கச் சொல்லும் ஏஜெண்ட் ஏமாற்றுகிறார் என்று அவசரப்பட்டு முடிவு கட்டலாகாது.

குறைத்து எடுத்தால் நேருவதையும் கணக்கிட்டுப் பார்ப்போம். வழக்கமான பாலிசிகளில், மறுகட்டுச் செலவில் நூற்றுக்கு 80 பங்காவது இன்ஷூர் செய்திருக்கவேண்டும் என்ற விதி உண்டு. 4,00,000 டாலரில் 80 பங்கு 3,20,000. சிக்கனமென்று ஒருவர் 2,40,000 டாலருக்கே எடுத்திருக்கிறார். சமையலறையில் தீப்பிடித்து 40,000 டாலர் நஷ்டம். நஷ்டம் தாம் எடுத்த தொகைக்குள் அடங்குவதால் முழுதும் கிடைக்கும் என்று அவர் நினைப்பார். கம்பெனியோ, வேண்டிய தொகையில் முக்கால் பங்கே எடுத்ததால் நஷ்டத்திலும் முக்கால் பங்கு, அதாவது 30,000 என்றுதான் கணக்கிடும். தேய்மானம் கழித்த மதிப்பு அதைவிடக் கூடுதலாக இருந்தால் அதைக் கொடுக்கும். எப்படியாயினும், தாமே ஏற்கவேண்டிய முதற்பகுதி அதிலும் கழியும்.

பழைய வீட்டுக்கே உரிய இன்னொரு கண்ணி, கட்டட விதிகள். பாதி வீடு எரிந்தால், எஞ்சிய பாதியையும் இடித்துவிட்டு இக்காலத்து விதிப்படி கட்டும்படி நகராட்சி சொல்லக்கூடும். படிக்கட்டின் அகலம் முதல் கம்பி வரை எல்லாம் மாறவேண்டும். சாதாரணப் பாலிசி இவ்வகைச் செலவுக்கு வீட்டுத் தொகையில் பத்தில் ஒரு பங்கையே பெரும்பாலும் ஒதுக்குகிறது. நூறு வருஷத்து வீட்டுக்கு அது போதாது. கூடுதல் பிரீமியம் கட்டி அதை உயர்த்திக்கொள்வதில் கஞ்சத்தனம் காட்டுவது புத்திசாலித்தனமாக எனக்குத் தோன்றவில்லை. வெள்ளச் சேதத்தை வீட்டுப் பாலிசி தொடுவதேயில்லை. அதற்கு 1968 முதல் மத்திய அரசாங்கத்தின் தனித் திட்டம் இருக்கிறது. வேறு கம்பெனிகள் ஏற்காத வீடுகளுக்கென்றே, பெயர் சொல்லிக் குறிப்பிட்ட சில விபத்துகளுக்கு மட்டும், அதுவும் சாந்துச் சுவருக்குப் பதில் சாதாரணப் பலகைச் சுவர் வைக்கும் செலவை மட்டும் கொடுக்கும் பாலிசி வகையும் உண்டு. பிரீமியம் சிறியதாக இருக்கிறதே என்று மகிழ்வதற்கு முன் அது இந்த வகையா என்று பார்த்துக்கொள்ள வேண்டும்.

ஆகவே, அந்நாட்டில் பழைய வீடொன்றை வாங்க முற்படும் வாசகர்கள், விற்பவரிடம் வீடு கட்டிய வருஷத்தைக் கேட்பதோடு நில்லாமல், கம்பி மாற்றிய வருஷம், குழாய் மாற்றிய வருஷம், கூரை வேய்ந்த வருஷம் ஆகிய மூன்றையும் ரசீதுகளோடு கேளுங்கள். கடந்த ஏழு ஆண்டுகளில் அவ்வீட்டின் பேரில் கோரிய நஷ்ட ஈடுகளின் விவரப் பட்டியலை விற்பவரே வரவழைத்துத் தர முடியும். அதையும் கேட்டு வாங்குங்கள். தகுந்த கட்டணத்தில் இன்ஷூரன்ஸ் கிடைத்தால்தான் வாங்குவேன் என்ற நிபந்தனையை ஒப்பந்தத்தில் சேர்க்க வழியுண்டா என்று வக்கீலிடம் விசாரியுங்கள். ஒரு கம்பெனி மறுத்தால் மனம் தளராமல் மற்றொன்றிடம் போங்கள். மரம் நின்ற வீடுகளுக்காக 1784-ல் ஒரு ஸ்தாபனம் பிறந்த ஊர் அது. முன்பணம் கொடுப்பதற்கு முன்பே ஏஜெண்டுக்குத் தொலைபேசியில் பேசிவிடுங்கள்.